ஜன்னல் வழியாக வந்த மேசை

கிரில்காரருக்கு ஒரே கொள்கைதான். வாயால் சொல்கிறவனை நம்பாதே, கையால் செய்கிறவனைப் பாதி நம்பு. மீதிப் பாதியை அவன் செத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாற்பது வருஷமாக ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்துக் கொடுத்த மனுஷனுக்கு வேறு எப்படிப் புத்தி இருக்கும்? திருடன் எந்தப் பக்கம் கை விடுவான், எதில் கால் வைத்து ஏறுவான் என்று யோசித்து யோசித்தே, எதிரே வருகிறவனையெல்லாம் அதே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டார். சபைக்குப் புதிதாக வந்த போதகரைக்கூட ஆறு மாதம் அளந்து பார்த்த பிறகுதான் வாய் திறந்து ஸ்தோத்திரம் சொன்னார். அதுவும் முணுமுணுப்பாக.

அவர் மனைவி நேர் எதிர். தெருவுக்கே அவள் அக்கா. அழுகிற பிள்ளையும் அவளிடம் வரும், அடி வாங்கிய பெண்ணும் வருவாள், அடித்த புருஷனும் மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு வருவான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். வாடகை வீட்டில் இருந்த காலத்தில் ஒண்டிக்கொள்ளக்கூட இடம் இருக்காது. பாதிப் பேர் சமையலறையில், நாலு பேர் வாசற்படியில் இருந்து பாடுவார்கள். அதனால் சொந்த வீடு கட்டியபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரூம் சின்னதா இருந்தாலும் பரவாயில்லைங்க. ஹால் மட்டும் பெருசா இருக்கணும்."

கட்டினார். வீடு பிரதிஷ்டைக்குப் போதகர் வந்து ஜெபித்து முடித்து, "வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்றார். சபையில் ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷன். என்ன வந்ததோ, எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஆண்டவரே, இந்த ஹால் உம்முடையது. நாங்க உள் ரூம்ல இருந்துக்கறோம்."

ஜனம் ஆமென் சொன்னது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருக்கு வெட்கமாகப் போய், சாப்பாட்டுப் பந்தி எங்கே என்று பார்க்கப் போய்விட்டார்.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் மேசை வந்தது.

ஒரு பெரிய பங்களாவுக்குக் கேட் மாட்டப் போயிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் கடல் கடந்து பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர்கள், சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் அது கிடந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. யானைக்கால் மாதிரிக் கடைந்த கால்கள், கருத்த மரம், மேலே வழுவழுவென்று கல் பதித்திருந்தது. கிரில்காரர் கையைத் துடைத்துவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். வயசு அறுபத்தெட்டு. அதுவரைக்கும் இரும்புத் தூளுக்கு நடுவே குந்தி, மடியில் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டே காலம் போயிருந்தது. ஒரு துரை மாதிரி மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன, குறைந்தா போய்விடும்? வாங்கிவிட்டார்.

எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தெருப் பக்கத்து ஜன்னல்தான் கை கொடுத்தது. ஊருக்கெல்லாம் கிரில் அடிக்கிறவர் வீட்டு ஜன்னலில் நாலு மாதமாகக் கம்பியே இல்லை. செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோடு நடக்கிற கதைதான். ஆளுயர ஜன்னல். அந்த ஓட்டை வழியாக மேசை உள்ளே வந்து ஹால் நடுவில் உட்கார்ந்தது. பின்னாலேயே பன்னிரண்டு நாற்காலி.

மேசை வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எவனாவது வந்த வழியே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? இரண்டே நாளில் அந்த ஜன்னலுக்குக் கம்பி அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் கையில் அந்த மாதிரி வேலை அதற்கு முன் விழுந்ததில்லை. சதுரக் கம்பி, இடையில் வளைவு வேலை, வெல்டு வைத்த இடமே தெரியாதபடி தேய்ப்பு. சுவருக்குள் முழம் ஆழத்துக்கு இரும்புக் கொக்கி இறக்கிச் சிமெண்ட் அடைத்தார்.

"இதைப் பேர்க்கணும்னா திருடன் என்னையும் கூடவே கூட்டிட்டு வரணும்" என்றார் பெருமையாக.

அக்கா கேட்டாள். "அது சரி. என்னைக்காவது மேசை வெளியே போகணும்னா?"

"எதுக்குப் போகணும்? நான் செத்தா என்னைத்தானே தூக்குவீங்க, மேசையையா தூக்கப் போறீங்க?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் இது மட்டும் அவருக்குப் புரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேர். நாற்காலி பன்னிரண்டு. பாய் விரிக்க இடமில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். முதலில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பாங்க் மேனேஜரின் மனைவி, மேனேஜரம்மா, தலைமாட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கல்லைத் தடவிப் பார்த்து, "இப்பத்தான் அக்கா வீடு வீடு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி, பாவம், தரையில் உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகும். அவள் சந்தோஷத்தில் தப்பில்லை.

மீன்காரம்மா மார்க்கெட்டில் இருந்து நேரே வருகிறவள். அவள் வந்தபோது ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் கைப்பையை எடுத்து அதன் மேல் வைத்தாள். வேண்டுமென்று வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா, அது அவளுக்கும் ஆண்டவருக்கும் வெளிச்சம். மீன்காரம்மா, "எனக்கு வேணாம், துணியெல்லாம் ஈரம்" என்று சுவரோரம் நின்றாள். அடுத்த வாரமும் நின்றாள். மூன்றாவது வாரம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற இரண்டு பேரும் அவளோடேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்தொன்பது பேர் எட்டுப் பேர் ஆனார்கள். ஜெபம் பத்து நிமிஷம், அதற்குப் பிறகு தேநீர், திரைச்சீலைத் துணி எங்கே நல்லது, யார் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று ஒரு மணி நேரம்.

கிரில்காரருக்கு இது கண்ணில் படவே இல்லை. படாதது மட்டுமில்லை, பிடித்தும் இருந்தது. வெள்ளிக்கிழமை பட்டறையை மூன்றரைக்கே விட்டுவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நல்ல நல்ல மனுஷர்கள் தன் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

ஒரு புதன்கிழமை காலையில் மீன் வாங்கப் போனார். மீன்காரம்மா ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினாள்.

"வாங்கண்ணே. எதைப் போடட்டும்?"

"நேத்துப் பிடிச்சதைப் போடாதே, அது போதும். ஆமா, ஏன் இப்பல்லாம் கூட்டத்துக்கு வர்றதில்லை? ஆண்டவர்கிட்ட கோவமா?"

"அவர்கிட்ட எனக்கு என்னண்ணே கோவம்?" அவள் கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "உங்க வீட்ல எனக்கு நிக்க இடம் இருக்கு. மண்டி போடத்தான் இடமில்லை. அன்னைக்குக் கஷ்டப்பட்டு மண்டி போட்டா, தலை நேரா மேசைக்கடியில போகுது. ஆண்டவரைத் தேடி வந்து அரைமணி நேரம் நாற்காலிக் காலைப் பார்த்துட்டுப் போனேன்."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். கிரில்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாய் ரொம்பத்தான் நீளுது."

"உள்ளதைச் சொன்னா நீளம்தான். ஹால் ஆண்டவருதுன்னு அன்னைக்கு எந்திரிச்சு நின்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் கேட்டேனே. என்ன, நடுவுல வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

அவர் பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். பின்னாலேயே அவள் குரல் வந்தது. இந்தத் தடவை குத்தல் இல்லை.

"மகளுக்கு இந்த மாசம்தான் பிரசவம்ணே. ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா பயமுறுத்துறாங்க. அக்காகிட்டச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்க. நான் இங்கேயே, இந்தப் பெட்டிக்குப் பின்னால நின்னு ஜெபம் பண்ணிக்கறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். நாக்கா அது, ரம்பம். வீட்டில் அக்கா இல்லை, குழாயடிக்குப் போயிருந்தாள். ஹாலில் நின்றார். யாரும் பார்க்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மண்டி போட்டுப் பார்த்தார். எவன் எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. குனிந்ததும் கல் விளிம்பில் நெற்றி 'ணங்' என்று இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கீழே பார்த்தால், அவள் சொன்னது அப்படியே இருந்தது. நாற்காலிக் கால்கள், பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு. ஏதோ காட்டுக்குள் தொலைந்து போனவன் மாதிரி இருந்தது.

எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். சொல்வதைச் செய்யாதவன் என்று இதுவரைக்கும் எத்தனை பேரை ஒதுக்கித் தள்ளியிருப்பார். வாடகை வீட்டுக்காரனை, மர வியாபாரியை, சொந்தத் தம்பியை, முன்பிருந்த போதகரை. ஊரிலேயே பெரிய புளுகன் தன் வீட்டிலேயே, தன் மேசைக்கடியிலேயே மண்டி போட்டிருக்கிறான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவும் மனுஷனிடம் சொன்ன புளுகா? இல்லை.

அன்று மத்தியானமே தச்சரைக் கூட்டி வந்தார். தச்சர் மேசையைத் தட்டிப் பார்த்தார், படுத்துப் பார்த்தார்.

"பழைய கை வேலை. ஆணியே இல்லை. கால், சட்டம், கல்லு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பிரிக்கணும்னா அறுக்கணும்."

"நிமிர்த்திச் சுவத்துல சாய்ச்சு வச்சா?"

"வைக்கலாம். யாரு மேல விழணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க."

அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. எவனோ ஒருத்தன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, அவன் என்ன பாவம் பண்ணினான்? அப்படியானால் வழி ஒன்றுதான். வந்த வழி. அந்த வழியில் அவருடைய கம்பி நின்றது.

அதிலும் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு எஞ்சினியர் வருவதாக இருந்தது. ஊருக்கு வெளியே பெரிய அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது, நூற்றுக்கணக்கில் ஜன்னல். அத்தனைக்கும் கிரில் வேலை. கிடைத்தால் பட்டறையில் உள்ள நாலு பேருக்கும் இரண்டு வருஷத்துக்கு வேறு நினைப்பே வேண்டாம். மூன்று மாதமாக அலைந்து, கடைசியில் எஞ்சினியர் இறங்கி வந்து, "காகிதத்துல வரைஞ்சது வேணாம் பெரியவரே, சுவத்துல மாட்டி நிக்கிற உங்க வேலையை ஒண்ணு காட்டுங்க" என்றிருந்தார். கிரில்காரர், "என் வீட்டு ஜன்னலையே வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேர் மேசையில் இரண்டு பேர். அந்தத் தலைமாட்டில் அவர், இந்த ஓரத்தில் அவள். உப்பு வேண்டுமானால் எழுந்து நடந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நாளைக்குப் போதகரும் வர்றாராம்" என்றாள் அக்கா. "அடுத்த வாரத்துல இருந்து கூட்டத்தை மேனேஜரம்மா வீட்டுக்கு மாத்தலாம்னு அறிவிக்கப் போறாங்க. மூணாவது மாடி. ஏசி எல்லாம் இருக்காம்."

"அதான் எட்டுப் பேர் இங்கேயே நல்லா உட்கார்றாங்களே."

"உட்கார்றவங்க அங்கேயும் உட்காருவாங்க. மத்த பதினோரு பேரும்தான் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அந்த மாடிப்படியில மீன் கூடையோட ஒருத்தி ஏறினா, காவல்காரன் முதல் படியிலேயே நிறுத்திடுவான்." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் போகப் போறதில்லைங்க. நாளைக்கு வாசல்ல, தெருவுல பாயை விரிச்சு உட்காரப் போறேன். வர்றவங்க வரட்டும். மீன்காரிக்கும் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் சொல்லி அனுப்பியாச்சு."

"தெருவுலயா? வீடு இருக்கும்போது? ஊர் என்ன நினைக்கும்?"

"வீட்ல மேசை இருக்குன்னு நினைக்கும்."

கிரில்காரர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கல்லின் மேல் வைத்தார்.

"தெருவுல வேணாம். உள்ளேயே விரி. மேசையை வெளியே எடுத்துடறேன்."

அவள் பிசைவதை நிறுத்தினாள். "எப்படி?"

"கம்பியை வெட்டிட்டு."

நல்ல பெண்பிள்ளை. அவளுக்கும் எஞ்சினியர் வருவது தெரியும், பட்டறை ஆட்களின் வீட்டு அடுப்பும் தெரியும்.

"சந்தோஷம். ஆனா ஏங்க, நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கலாமே. அந்தத் தம்பி வந்து பார்த்துட்டுப் போகட்டும். இந்த ஒரு வாரம் நான் தெருவுல உட்கார்ந்துக்கறேன், தேஞ்சா போயிடுவேன்? சனிக்கிழமை வெட்டுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"அவர் கோவிச்சுக்க மாட்டார். எனக்குத் தெரியும்."

"பின்னே?"

"நாளைக்குச் செய்யறேன்னு சொன்ன எவனையாவது நான் நம்பியிருக்கேனா?"

"இல்லை."

"அந்த வரிசையில என்னை மட்டும் எதுக்கு விடணும்? சனிக்கிழமை ஆர்டர் கையில இருக்கும். அப்ப அந்த எஞ்சினியரோட முதலாளி வந்து ஒரு தடவை பார்க்கணும்பான். அப்புறம் இன்னொருத்தன் வருவான். இந்த ஜன்னலே எனக்குக் கடையாயிடும். கடையை எவனாவது வெட்டுவானா? எனக்கு என்னைத் தெரியும்டி. சூட்டோட சூடா அடிச்சாத்தான் நான் வளைவேன்."

அக்கா எழுந்து அவ்வளவு தூரம் நடந்து வந்து, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். அவர்களில் மூத்தவனுக்குக் குண்டு என்று பெயர். இருபது வருஷமாக அவரோடு இருப்பவன். கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவன் விஷயத்தைக் கேட்டதும் அதைத் தரையில் வைத்துவிட்டான்.

"அண்ணே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லா இருக்கேன். ஒயரை மாட்டு."

"அஞ்சு மணிக்கு எஞ்சினியர் வர்றார்ணே! நாலு மணிக்குக் கூட்டம், ஆறு மணிக்கு வெட்டினா என்ன? எனக்கும் பொண்ணு பிள்ளை இருக்கு."

"எனக்குத் தெரியாதா உனக்குப் பொண்ணு பிள்ளை இருக்குன்னு? இது வரைக்கும் எந்த வாரமாவது அதுங்களைப் பட்டினி போட வச்சிருக்கேனா?"

குண்டு தலையைச் சொறிந்தான். "இல்லை."

"அப்ப மாட்டு. இல்லேன்னா தள்ளு, நானே வெட்டிக்கறேன். என் வேலையை வெட்ட எனக்கு உரிமை இருக்கு."

வெட்டுவது லேசாக இல்லை. மட்டமான வேலை செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். செய்த பாவமோ புண்ணியமோ, அவர் நல்லாவே செய்து தொலைத்திருந்தார். கட்டிங் வட்டு மூன்று உடைந்தது. பொறி பறந்து ஹால் முழுவதும் சிதறியது. சுவருக்குள் இருந்த கொக்கிகளை உளி வைத்துக் கொத்தியபோது ஜன்னலோரத்துப் பூச்சு பாளம் பாளமாக வந்தது. ஒவ்வொரு கொக்கியும் வெளியே வரும்போது, "பாருடா, எப்படிப் பிடிச்சிருக்கு பாரு" என்று அவரே மெச்சிக்கொண்டார். குண்டு, "மெச்சிக்கிறதா இருந்தா விட்டுட்டே மெச்சிக்கலாமேண்ணே" என்றான்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிரில் கழன்றது. தெருவில் போன இரண்டு சுமைதூக்கிகளையும் சேர்த்துக்கொண்டு மேசையைச் சாய்த்து, ஜன்னல் வழியாக வெளியே இறக்கினார்கள். வாசலில், நடைபாதை ஓரமாக அது உட்கார்ந்தது. நாற்காலிகளையும் கொண்டுபோய்ச் சுற்றி வைத்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு யாரோ விருந்து வைக்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

ஆட்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா ஹாலை இரண்டு தடவை பெருக்கித் துடைத்தாள். கிரில்காரருக்குத் திருப்தி இல்லை. வெட்டின இடத்தில் இரும்புச் சிராய் எவ்வளவு பெருக்கினாலும் போகாது, முள் மாதிரிக் குத்தும் என்று அவருக்குத் தெரியும். பட்டறையில் இருந்து பெரிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் துணியில் சுற்றி, மண்டியிட்டு, தரையில் சாண் சாணாகத் தடவிக்கொண்டே போனார். சர்ரென்று சிராய் ஒட்டும். துணியை உதறுவார். மறுபடி தடவுவார். மூலை மூலையாக, ஹால் முழுக்க. முழங்கால் விண்ணென்று தெறித்தது. பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஜெபிக்கிற மனுஷன், வாழ்க்கையில் அவ்வளவு நேரம் மண்டி போட்டது அன்றைக்குத்தான்.

அக்கா பாயோடு வந்து கதவில் நின்று பார்த்தாள்.

"போதுங்க. யாரும் தரையை நக்கப் போறதில்லை."

"முட்டி குத்தினா ஜெபத்துல மனசு நிக்குமா? அந்தப் பக்கம் போடாதே, இன்னும் முடியலை."

நாலு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேர், காய்கறி விற்கிறவள், வேறு நாலைந்து பேர். மீன்காரம்மா கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். வாசலில் மேசையைப் பார்த்தாள், ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டையைப் பார்த்தாள், கிரில்காரரைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணே, நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னா..."

"உள்ளதைத்தானே சொன்னே? போய் உட்காரு. நடுவுல உட்காரு. சுவரோரம் நின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

போதகரோடு மேனேஜரம்மாவும் வந்தாள். "மேசை எங்கே அக்கா?"

"வெளியே காத்து வாங்குது" என்றாள் அக்கா. வெளியே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குச் சுவரோரம் போட்டாள். "உங்களுக்கு முட்டி முடியாது, நீங்க இதுல உட்காருங்க." மேனேஜரம்மா உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்து என்ன நினைத்தாளோ, மீன்காரம்மாவின் மகளுக்காக எல்லாரும் மண்டி போட்டபோது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி அவளும் பாயில் முழங்காலை ஊன்றினாள். முகம் வலியில் சுருங்கியது. பக்கத்தில் இருந்த மீன்காரம்மா அவள் முழங்கைக்குக் கை கொடுத்தாள். போதகர் சட்டைப் பையில் இருந்த அறிவிப்புத் தாளை எடுக்கவே இல்லை.

ஐந்து மணிக்குக் கார் வந்து நின்றது. எஞ்சினியர் இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கிரில்காரர் கதவோரத்தில் இருந்து எழுந்து வெளியே போனார். பின்னால் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க சார். நாற்காலி நிறைய இருக்கு."

"பெரியவரே, ஜன்னலைக் காட்டறேன்னு சொன்னீங்களே?"

"இதோ ஜன்னல். கிரில் அதோ, சுவத்துல சாஞ்சிருக்கு. இன்னைக்கு வெட்டினேன்."

எஞ்சினியர் கிரில் அருகே போய்க் குனிந்தார். வளைவைத் தடவினார், இணைப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. நல்லா இருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் தேடி வந்தது சுவரில் நிற்கிற கிரில்.

"எப்படி மாட்டறீங்கன்னு பார்க்கத்தானே வந்தேன். சுவத்தைப் பார்த்தா குண்டு போட்ட மாதிரி இருக்கு. நான் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பணும். இதை அனுப்பினா என்னைத்தான் கேட்பார்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நாள் கழிச்சு வெட்டியிருக்கக் கூடாதா?"

"ஒரு நாள் கழிச்சு வெட்டியிருக்க மாட்டேன் சார்."

"புரியலை."

"எனக்கே நேத்துத்தான் புரிஞ்சுது. வேற வீட்ல நான் மாட்டினது நிறைய நிக்குது. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"இன்னைக்குள்ள முடிவு சொல்லணும் பெரியவரே. இன்னொரு பட்டறையையும் பார்த்து வச்சிருக்கேன்."

"அப்ப அங்கே போங்க. அவன் வெல்டு நல்லா வைப்பான். ஆனா கொக்கியை ஆழமா இறக்க மாட்டான், நின்னு வேலை வாங்குங்க."

எஞ்சினியர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். கார் போனதும் மேசையோரம் நின்ற குண்டு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சு. நமக்கு வர்ற வேலையை அவனுக்குத் தூக்கிக் குடுத்ததும் இல்லாம, யோசனை வேற சொல்லி அனுப்பறீங்க."

"நம்ம வேலை நம்மகிட்டத்தான்டா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிப் பின்பக்கக் கேட் இருக்கில்ல? திங்கக்கிழமை ரெண்டு கோழிக்கூடு. அதை ஒழுங்கா முடி. அந்த ஆர்டர் வந்திருந்தா ரெண்டு வருஷம் சாப்பிட்டிருப்போம், சரி. அதுக்கு முன்னால நாற்பது வருஷம் எதைச் சாப்பிட்டோம்? மண்ணையா?"

குண்டு மேசைக் கல்லைத் தட்டிப் பார்த்து, "இதுவாவது பட்டறைக்கு வரட்டும். அளவு வச்சு வெட்டச் சமமா இருக்கும்" என்றான்.

"எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."

அவர் உள்ளே திரும்பினார். வாசல் வரைக்கும் பாய் நிறைந்திருந்தது. கடைசியில் இருந்த ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி நகர்ந்து ஒரு சாண் இடம் விட்டாள். அந்த ஒரு சாணில் அவர் மண்டியிட்டார். மீன்காரம்மா சத்தமாக, அழுது, நடு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகளுக்காக ஜெபித்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்திருந்தாள். பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற ஜனம் அங்கே இருந்தது. கிரில்காரருக்கு ஜெபிக்க வார்த்தை எதுவும் வரவில்லை. வராததை வந்த மாதிரி அவர் காட்டவுமில்லை. "அவ கேட்கிறதைக் கேளும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஓட்டையாகக் கிடந்த ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மத்தியானம் மேசை தூக்கிய சுமைதூக்கிகளில் ஒருவன். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேனேஜரம்மாவும் மீன்காரம்மாவும் ஒரே பாயில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டுக்கு வந்து நின்றானா, தேநீருக்கா, எதையாவது தூக்கிக்கொண்டு போக நோட்டம் பார்க்கிறானா, யார் கண்டது? கிரில்காரர் பழைய கண்ணால் அவனை மேலும் கீழும் ஒரு தடவை அளந்தார். பிறகு கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஜன்னல்ல நின்னு காத்தை மறைக்காதே. உள்ளே வா. வாசல் அந்தப் பக்கம் இருக்கு."